வயலுக்கு அடுத்த பெயர்

தம்பி,

அம்மா நான் அழைத்தால் நீ பேசுவதில்லை. உன் அக்காவின் எண்ணிலிருந்து அழைத்தாலும் மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. பேசமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டாய், சரி, பேசாதே. வாசிக்கவாவது செய்வாய் என்றுதான் எழுதுகிறேன். மன்னாரிலிருந்து வரும் ஒரு சிறு சஞ்சிகைக்கும் இதில் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிறாளே என்று உனக்குக் கோபம் வரும். நீயும்தான் வருடா வருடம் அண்ணனின் படத்தை முகநூலில் போட்டு, பக்கத்தில் ஒரு விளக்கையும் வைத்து ஊரறிய அழுகிறாய். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வந்து ஆறுதல் சொல்கிறார்கள். நான் ஒரு தடவை ஊரறியப் பேசிவிட்டுப் போகிறேன். உன்னைப்போலத் தூரத்திலிருந்து வீட்டை நடத்தும் பிள்ளைகள் வேறு வீடுகளுக்கும் உண்டு. அந்தத் தாய்மாரும் வாசிக்கட்டும்.

நடந்தது இவ்வளவுதான். அரசாங்கம் வயலுக்குத் தந்த அனுமதிப் பத்திரத்தில் எனக்குப் பிறகு யாருக்கு என்ற இடத்தில் உன் அண்ணனின் பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டு அக்காவின் பெயரைப் பதிந்துவிட்டேன். உனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ தடுத்திருப்பாய், நீ தடுத்திருந்தால் நான் நின்றிருப்பேன், அதனால் சொல்லவில்லை. யாரோ உன் காதில் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு நீ போன் எடுத்து, "அண்ணா நாளைக்கு வந்து என்ர பேர் எங்கயெண்டு கேட்டா என்னம்மா சொல்லுவீங்கள்?" என்று கேட்டாய். பதிலைக் கேட்க நீ நிற்கவில்லை. வைத்துவிட்டாய். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் தாத்தா, என் அப்பா, மலையில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இறந்தார். நாங்கள் இருந்த லயக் காம்பரா, அந்த ஒற்றை அறை, தோட்டத்துக்குச் சொந்தம். அவர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய கத்தியும் தோட்டத்துக்குச் சொந்தம், மறுநாளே வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு மிஞ்சியது ஒரு கம்பளி. அவருடைய இடத்தில் என் பெயரைச் செக்ரோலில் பதிந்தார்கள், அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவில். எங்கள் ஆட்களுக்குச் சொத்து என்றால் அதுதான். பெயர் பதிந்தாகிவிட்டது என்றால் வீட்டில் ஒரு நிம்மதி வரும், இனி அடுப்பு எரியும் என்று. சொத்தை யாருக்கு எழுதுவது, எப்படி எழுதுவது என்று யோசிக்கும் வேலை எங்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. யோசிப்பதற்கு ஒன்றுமில்லாதவர்களுக்கு அது ஒரு வகையில் சௌகரியம்தான்.

பிறகு கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வடக்கே ஓடி வந்தோம். மன்னார்ப் பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் பக்கமாக, பற்றைக் காட்டை வெட்டி உன் அப்பா வயலாக்கினார். காணிக் கச்சேரி வைத்து, ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்து அனுமதிப் பத்திரம் கொடுத்தபோது தோட்டத்து ஆட்கள் பலரைப்போல அவருக்கும் பிரஜாவுரிமை இல்லை என்றார்கள். எனக்கு இருந்தது. அவர் வெட்டிய காடு என் பெயரில் விழுந்தது. அந்தக் கோபம் அவருக்குச் சாகும்வரை இருந்தது. குடித்த நாட்களில், "காணிக்காரி வாறா, வழி விடுங்க" என்று வாசலிலிருந்து கத்துவார். நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அன்று கச்சேரியில் அந்த உத்தியோகத்தர், உங்களுக்குப் பிறகு யார் என்று கேட்டார். பின்னுரித்தாளி என்பது அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். அப்பா பின்னால் நின்று, மூத்தவனின் பெயரைப் போடுங்கள் என்றார். மூத்தவன் என் இடுப்பில் இருந்தான். தன் பெயரை முழுதாகச் சொல்ல இன்னும் நாக்குத் திரும்பவில்லை. போட்டார்கள். செக்ரோலில் பதிந்த மாதிரித்தான் நாங்கள் நினைத்தோம். ஒரு தடவை பதிந்தால் போதும், பெயர் இருக்கிறவரை ஆளும் இருப்பான் என்று. அதை வேண்டும்போது மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும், பிள்ளைகள் வளர வளர எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தோட்டத்திலிருந்து ஓடி வந்தவர்கள் அநேகம் பேர் இப்படித்தான் பதிந்துவிட்டுப் படுத்தார்கள்.

படித்த, பரம்பரையாக வயல் செய்யும் கமக்காரர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? பக்கத்து வயல் கந்தையா அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும். எங்களைத் தோட்டக்காட்டார் என்று சொன்னவர்தான், ஆனால் தண்ணீர் முறை வரும்போது வாய்க்காலை அடைக்காத மனுசன். அவர் பின்னுரித்தாளி என்று யாரையும் பதியவில்லை. கடைசிக் காலத்தில் மன்னாருக்குப் போய், பத்திரம் எழுதும் நொத்தாரிசைப் பிடித்து, சாட்சி வைத்து மரண சாதனம், அதாவது உயில், எழுதினார். தன்னைக் கடைசிவரை பார்த்த இளைய மகளுக்கு வயல் என்று. அது அனுமதிப் பத்திரக் காணி என்று இவர் சொல்லவில்லை, நொத்தாரிசும் கேட்கவில்லை. அந்த மகள் அந்தக் காகிதத்தைப் பொலித்தீனில் சுற்றி, இடப்பெயர்வு முழுக்க மார்போடு கட்டிக்கொண்டு திரிந்தாள். குண்டிலும் மழையிலும் காப்பாற்றினாள். திரும்பி வந்து கந்தோரில் நீட்டினால், இந்தக் காணிக்கு மரண சாதனம் செல்லாது என்றார்கள். சொந்தமாக உறுதிப் பத்திரம் உள்ள காணி என்றால் செல்லும். அனுமதிப் பத்திரக் காணி அந்தக் கந்தோரில் பதிந்த பெயருக்கு மட்டும்தான் போகும். பெயர் இல்லாவிட்டால் சீவிய காலத்துக்கு மனைவிக்கு, அவளுக்கும் அதை இன்னொருவருக்கு எழுத உரிமை இல்லை, அவளுக்குப் பிறகு சட்டம் சொல்லும் வரிசைப்படி. தாயும் போன பிறகு கொழும்பிலிருந்து மூத்த மகன் வாடகை வான் பிடித்து வந்து இறங்கினான். சப்பாத்தோடு வரம்பில் நடந்து பார்த்தான். வந்த கிழமையே குத்தகைக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அந்தப் பிள்ளை இப்போது அதே வயலில் நாட்கூலிக்குக் களை பிடுங்குகிறாள். என் வரம்பிலிருந்து பார்த்தால் தெரியும். பார்க்காமல் இருக்கத்தான் பார்க்கிறேன்.

நம்முடைய வயலை எடு. யுத்தம் முடிந்து எங்களை முகாமிலிருந்து விட்டபோது, கண்ணிவெடி எடுத்து முடியவில்லை என்று வயலுக்குப் போக விடவில்லை. சிவப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று வயலைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். உள்ளே விட்ட அன்றைக்கு அங்கே வயல் இல்லை, காடுதான் இருந்தது. உன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், நீ கடலுக்கு அப்பால், உன் அண்ணன் எங்கே என்று தெரியாது. அக்காதான் இறங்கினாள். அப்பா ஒரு தடவை வெட்டிய காட்டை அவள் இரண்டாம் தடவை வெட்டினாள். கலியாணம் முடித்த பிறகும் மருமகன் மேசன் வேலைக்குப் போக, அவள்தான் காலபோகம் சிறுபோகம் என்று இரண்டு விளைச்சலும் பார்க்கிறாள். இரண்டு பிள்ளைகளையும் வரம்பு மரத்தடியில் விட்டுவிட்டுப் பூச்சிக்கு எண்ணெய் அடித்திருக்கிறாள். எனக்கு நெஞ்சு நோ வந்ததிலிருந்து நான் வயலுக்குப் போவது நடந்து பார்க்க மட்டும்தான்.

சிறுபோகத்துக்கு முன் கமக்காரர் கூட்டம் நடக்கும். குளத்தில் தண்ணீர் குறைவாக இருப்பதால் இந்தமுறை யார் யாருக்கு எவ்வளவு என்று அங்கேதான் பங்கு பிரிப்பார்கள். நான் படுக்கையில் கிடந்ததால் அக்கா போனாள். எழும்பி எங்கள் பங்கு இந்த வாய்க்காலில் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "நீ யார் பிள்ளை கேக்க? காணிக்காரி வரட்டும், இல்லையெண்டா அடுத்த பேர்க்காரன் வரட்டும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அடுத்த பெயர்க்காரன் யார் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் இதைச் சொல்லவில்லை. சோற்றை வடித்து வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள். கந்தையா அண்ணனின் மகள்தான் வந்து சொன்னாள். உன் மகளும் என்னோடு களை பிடுங்கத்தான் வரப்போகிறாள் மாமி என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் முடிவு செய்தேன்.

அக்காவிடம் சொன்னபோது அவள் வேண்டாம் என்றாள். "பேர் கிடக்கட்டும் அம்மா. நான் செய்யிறதைச் செய்யிறன்" என்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. செய்கிறவளின் பெயர் ஒரு இடத்திலும் இல்லாமல் செய்துகொண்டே போவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. தாத்தா செய்தார், அப்பா செய்தார். இவளும் அப்படியே போகட்டும் என்று விட நான் என்ன கல்லா?

பிரதேச செயலகத்துக்கு நான் தனியேதான் போனேன். காணிப் பகுதியில் ஒரு இளம் பெண் இருந்தாள், நல்ல பிள்ளை, எழும்பிக் கதிரை தந்தாள். எங்கள் பத்திரங்கள் இருந்த கோவையை எடுத்துப் பார்த்து, பின்னுரித்தாளி யோகராசா, மூத்த மகன் என்று வாசித்தாள். அந்தப் பெயரை வேறொருவர் சத்தமாக வாசித்துக் கேட்டு எவ்வளவு காலம். அவள் எனக்கு எல்லாவற்றையும் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். என் காலத்துக்குப் பிறகு பெயர் உள்ளவர் குறித்த காலத்துக்குள் வந்து பொறுப்பெடுக்க வேண்டும். வராவிட்டால் அவருடைய உரிமை போய்விடும். பிறகு சட்டத்திலுள்ள வரிசை. இப்போதுள்ள சட்டப்படி அதில் ஆண் மக்கள் முதல், பெண் மக்கள் பிறகு. உங்களுக்கு வேறு ஆண் பிள்ளைகள் இருக்கினமோ என்று கேட்டாள்.

இருக்கிறான் என்றேன்.

விளங்குகிறதா தம்பி? அண்ணனின் பெயரை எடுக்கக்கூடாது என்று நீ கத்தினாயே, அந்தப் பெயர் அப்படியே இருந்து நான் செத்தால், வயல் உன் அண்ணனுக்கும் போகாது, அக்காவுக்கும் போகாது. சட்டம் உன்னைத் தேடிக்கொண்டு வரும். நீ அந்த நாட்டுப் பிரஜையாகிவிட்டால் அதிலும் சிக்கல், அரசாங்கமே திருப்பி எடுத்தாலும் எடுக்கும். நீ இது தெரிந்து சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. தெரியாமல் சொன்னாய் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் தெரியாத விஷயத்தில் இவ்வளவு சத்தம் போடக்கூடாது.

பெயரை மாற்ற என்ன வேண்டும் என்று கேட்டேன். மரணச் சான்றிதழ் கேட்பார்கள் என்ற பயத்தோடுதான் போயிருந்தேன். அதை நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன் என்று சண்டை பிடிக்க வசனம்கூட யோசித்து வைத்திருந்தேன். அந்தப் பிள்ளை தலையை ஆட்டி, "ஒண்டும் தேவையில்லை அம்மா. காணி உங்கட. நீங்கள் உயிரோட இருக்கும்வரை எப்பவும் மாத்தலாம். காரணமும் எழுதத் தேவையில்லை" என்றாள். காரணம் தேவையில்லை. இத்தனை காலம் எத்தனை விசாரணைக்குப் போனேன், எத்தனை பேரிடம் படத்தைக் காட்டினேன், எங்கே கடைசியாகக் கண்டீர்கள், என்ன உடுப்பு, என்ன அடையாளம் என்று கேட்காதவர்கள் இல்லை. அவனைக் கோவையிலிருந்து எடுக்கும்போது மட்டும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபடியால் பேசாமல் கையெழுத்து வைத்துவிட்டு வந்திருக்கலாம். எனக்கு முடியவில்லை. "அவன் இல்ல பிள்ளை" என்றேன். அதுவரை நான் அதைச் சொன்னதில்லை. சாமி அறையில்கூடச் சொன்னதில்லை. அந்தப் பிள்ளை பேனையை வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கிறீங்களோ அம்மா என்று கேட்டாள்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். அவன் வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்றாய். அவன் வரட்டும் தம்பி. வந்தால் நான் அன்றே போய்த் திருப்பி எழுதுவேன், அக்கா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாள். வாசலில் வந்து நிற்கும் உன் அண்ணனிடம் பதில் சொல்ல எனக்குப் பயமில்லை. எனக்குப் பயம், அவன் வராமலே நானும் போய், அக்கா வரம்பில் நின்று யாரோ ஒருவனுக்குப் பதில் சொல்ல வேண்டி வருவதுதான்.

இனிச் சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது. சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் வேண்டும் என்று இயக்கத்து ஆட்கள் வந்து கேட்ட காலத்தில் நீயும் அண்ணனும் இரண்டு பேரும் வீட்டில் இருந்தீர்கள். அவர்கள் உன்னைத்தான் பார்த்தார்கள். அண்ணன் முன்னால் வந்து நின்றான், அவர்களோடு போனான். உனக்குத் தெரியும், நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். நான் உன்னைக் குறை சொல்லவில்லை, நீ சின்னப் பிள்ளை. பிறகு பேசாலைக் கடற்கரைப் பக்கமிருந்து உன்னைப் படகில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்ப, அங்கிருந்து வெளியே அனுப்ப, அக்காவின் கலியாணத்துக்கென்று சேர்த்த நகை முழுவதும் போனது. ஆகவே நீ உன் பங்கை வாங்கிக்கொண்டுதான் போனாய். அண்ணன் கொடுத்தது ஒன்று, அக்கா கொடுத்தது ஒன்று. சொத்தைப் பிரிக்கும்போது முன்னமே கொடுத்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அநேக வீடுகளில் அதைப் பார்ப்பதில்லை, அதனால்தான் சண்டை வருகிறது. நீ அண்ணனுக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்று உன் மனது அடித்துக்கொள்கிறது. அடிக்கட்டும். ஆனால் அந்தக் கடனை அக்காவின் வயலைக் கொண்டு தீர்க்காதே. அவன் பெயர் வயலில் இருந்தால் உனக்கு அங்கே நித்திரை வரும். இங்கே அவளுக்குத் தண்ணீர் வராது.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்குத் தெரியாது என்று சொல்லாதே. வீட்டு வளவும் அதே பத்திரத்தில்தான் இருக்கிறது, அதுவும் அக்காவுக்கு. வங்கிப் புத்தகத்துக்கும் எனக்குப் பிறகு பணம் எடுக்க நியமனதாரியாக அக்காவின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அது என் செத்த வீட்டுச் செலவுக்கு, மிஞ்சினால் உன் மருமக்களுக்கு, அக்காவின் இரண்டு பிள்ளைகளுக்கு. காதில் கிடக்கிற தோடு உனக்கு வரப்போகிறவளுக்கு என்று வைத்திருந்தேன், வந்தவளை நான் இன்னும் நேரில் காணவில்லை. அதை என் கையாலேயே கொடுக்க ஆசை. செத்த பிறகு கழற்றிக் கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. நெஞ்சு நின்றுவிட்டால் இயந்திரத்தில் போட்டு வைத்திருக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். நீ அங்கிருந்து போன் எடுத்து, எப்படியாவது வைத்திருங்கள், நான் வரும்வரை வைத்திருங்கள் என்று டொக்டரோடு சண்டை பிடிக்காதே. காத்திருந்து பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். எனக்காக யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

போன கிழமை உன் மனைவி போன் எடுத்தாள். உனக்குத் தெரியாமல்தான் எடுத்தாள், அவளோடு சண்டை பிடிக்காதே. மாசமாக இருக்கிறாளாம். அதைக்கூட நீ எனக்குச் சொல்லவில்லை. வங்கிக் கடனில் வீடு வாங்கியிருக்கிறீர்களாம், அது உன் பெயரில் மட்டும் இருக்கிறதாம், உனக்கு ஒன்று நடந்தால் தனக்கு என்ன என்று அவளுக்குத் தெரியாதாம். கேட்டதற்கு, நான் இப்ப சாகவா போறன் என்று சிரித்தாயாம். உன் அண்ணனும் அப்படித்தான் சிரித்துவிட்டுப் போனான். எழுது தம்பி. அந்த நாட்டுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் போய், வீடு யாருக்கு, நீங்கள் இரண்டு பேரும் இல்லாவிட்டால் பிள்ளையை யார் வளர்ப்பது என்று எழுதிவை. பிள்ளை வளர வளர எடுத்துப் பார்த்துத் திருத்து. அழுகை வந்தால் அழுதுகொண்டே திருத்து, நான் அப்படித்தான் திருத்தினேன்.

அண்ணனின் பெயர் இருக்க வேண்டும் என்கிறாய். இருக்கட்டும். பிறப்பது ஆண் பிள்ளையானால் யோகராசா என்று வை. என் வயலில் வேண்டாம், உன் வீட்டுக்குள் வை. காலையில் எழுப்பும்போது அந்தப் பெயரைச் சொல், சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது சொல். விளையாடப் போனவனை இருட்டுகிறது வா என்று வாசலில் நின்று கூப்பிடு. ஒரு நாள் கூப்பிட்டுக் கூப்பிட்டும் பதில் வராது, பிள்ளைகள் அப்படித்தான், எங்காவது விளையாடிக்கொண்டு நிற்பான். அவன் வந்து சேரும்வரை நீ வாசலிலேயே நில். வந்த பிறகு அவனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எனக்குப் போன் எடுத்து, அந்தப் பெயரை ஏன் எடுத்தீர்கள் என்று கேள்.

அம்மா